இலைக்கருகலும் கடற்பாசியும்: அன்றும் இன்றும்

ஐப்பசி, கார்த்திகையில் காற்றும் மழையும் இரண்டு மூன்று நாள் அடித்து ஓய்ந்து, வெயில் தலைகாட்டும்போதுதான் சம்பா வயலில் அது கண்ணில் படும். இலையின் நுனியிலிருந்து ஓரம் பிடித்து மஞ்சள் இறங்கும். அந்த மஞ்சளின் விளிம்பு நேராக இருக்காது, அலை அலையாக நெளிந்திருக்கும். சில நாட்களில் நுனி முழுக்க வைக்கோல் நிறமாகிவிடும். "நுனி கருகுது" என்பார்கள் விவசாயிகள். வேளாண் துறையின் துண்டறிக்கையில் அதன் பெயர் பாக்டீரியா இலைக்கருகல் நோய். உரக்குறையா, நோயா என்ற சந்தேகம் வந்தால் தீர்த்துக்கொள்ள ஆய்வகம் வேண்டாம். கருகல் தொடங்கிய இடத்தில் இலையைக் குறுக்கே வெட்டி, வெட்டுவாய் மூழ்கும்படி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வைத்தால் போதும். நோய் இருந்தால் சற்று நேரத்தில் வெட்டிய இடத்திலிருந்து வெண்மையான கசிவு இழை இழையாக இறங்கும். அதில் இருப்பது சாந்தோமோனாஸ் ஒரைசே என்ற பாக்டீரியா, கோடிக்கணக்கில்.

ஜப்பானின் ஃபுகுவோகா பகுதியில் 1884இலேயே விவசாயிகள் இந்த நோயைக் கண்டு சொல்லியிருக்கிறார்கள். நம் நாட்டில் அது எல்லோரையும் திடுக்கிட வைத்தது 1963இல், பீகாரின் ஷாகாபாத் மாவட்டத்தில். அடுத்த சில ஆண்டுகளில் தைச்சுங் நேட்டிவ் 1, ஐ.ஆர். 8 போன்ற குட்டை ரகங்கள் வந்தன. அவை யூரியாவை வாங்கி விளைச்சலாகக் கொடுத்தன. இந்த பாக்டீரியாவுக்கோ எளிதில் ஆளாயின. தழைச்சத்து மிகுந்து கரும்பச்சையாகச் செழித்த இலைதான் அதற்கு உகந்த இடம். தஞ்சையில் 1960இல் தொடங்கிய பேக்கேஜ் திட்டம் எனப்பட்ட தீவிர வேளாண்மைத் திட்டத்தின் காலத்திலிருந்து நெல் சாகுபடி உரத்தின் பக்கம் சாய்ந்தது; அந்தச் சாய்வோடு இந்த நோயும் வளர்ந்தது.

அன்று இதை எதிர்க்க இருந்த வழிகளில் ஒன்று இன்றும் எனக்கு வியப்பைத் தருகிறது. முற்றிய நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டு நடுவது பழைய பழக்கம். நுனியில் இருக்கும் குருத்துப்பூச்சியின் முட்டைக்குவியல் அதோடு போய்விடும் என்பதால் பூச்சியியலார் அதைப் பரிந்துரைத்தார்கள். நோயியலாரோ, இலைக்கருகல் வரும் இடத்தில் நுனியைக் கிள்ளவே கூடாது என்றார்கள். கிள்ளிய ஒவ்வொரு நுனியும் பாக்டீரியாவுக்குத் திறந்துவைத்த வாசல். இலை ஓரத்தில் நீர் கசியும் நுண்துளைகள் வழியாகவே உள்ளே நுழையக்கூடிய கிருமிக்குப் புதுக் காயம் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? ஒரே நாற்றைப் பற்றி இரண்டு நல்ல ஆலோசனைகள், இரண்டும் எதிரெதிர்! எந்த வயலில் எதைக் கேட்பது என்பதை விவசாயியே முடிவுசெய்ய வேண்டியிருந்தது.

மருந்து என்று பார்த்தால், ஸ்ட்ரெப்டோசைக்ளின் பொட்டலம்தான். ஆறு கிராம் பிடிக்கும் சின்னப் பொட்டலம். உள்ளே 90 பங்கு ஸ்ட்ரெப்டோமைசின் சல்பேட், 10 பங்கு டெட்ராசைக்ளின். ஹெக்டேருக்கு 300 கிராம், அதோடு காப்பர் ஆக்சிகுளோரைடு ஒன்றேகால் கிலோ, பதினைந்து நாள் இடைவெளியில் மறுபடியும் ஒரு தெளிப்பு என்பது அன்றைய பரிந்துரை. மருந்துக்கடையில் கருகிய இலையைக் காட்டினால் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுப்பார்கள். அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் வாக்ஸ்மன் ஆய்வகத்தில் 1943இல் ஆல்பர்ட் ஷாட்ஸ் கண்டெடுத்த ஸ்ட்ரெப்டோமைசின், காசநோய்க்கு உலகம் பெற்ற முதல் ஆன்டிபயாட்டிக். மனித நுரையீரலுக்கு வந்த மருந்தை நாம் நெல்லிலைமேல் தெளித்துக்கொண்டிருந்தோம்.

அது எந்த அளவுக்குப் பலித்தது? இலையின் மேல் இருக்கும் பாக்டீரியாவை அது தொடும். ஆனால் இந்த பாக்டீரியா இலை நரம்பின் நீர்க்குழாய்களுக்குள் குடியேறிப் பெருகுவது. கருகல் கண்ணுக்குத் தெரிந்த பிறகு தெளிக்கும் மருந்து, உள்ளே போய்விட்ட கிருமியை எட்டுவது கடினம். மேலே தங்கியதையும் அடுத்த மழை கழுவிவிடும். இதற்கிடையே கிருமியும் சும்மா இருக்காது. ஆப்பிள், பேரி மரங்களின் தீக்கருகல் நோய்க்கு அமெரிக்காவில் 1950களிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் தெளித்தார்கள். 1971இல் கலிபோர்னியாவின் பேரித் தோட்டங்களில் அதற்கு அடங்காத பாக்டீரியா கண்டறியப்பட்டது. மருத்துவமனையில் உயிர் காக்க வேண்டிய மருந்துகள் வயலில் வீணாகி, எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமிகளை வளர்க்கின்றன என்ற கவலை முற்றியபோது, மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் ஒரு வரைவு ஆணை வெளியிட்டது. வேளாண்மையில் ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் சேர்ந்த மருந்தின் பயன்பாட்டை 2024 தொடக்கத்தோடு முழுமையாக நிறுத்த அது முன்மொழிந்தது. இவ்வளவு காலம் கழித்தாவது அந்தக் கேள்வி எழுந்ததே என்று நிம்மதியடையலாம். அந்தப் பொட்டலத்தின் இடத்தில் விவசாயியின் கையில் எதைக் கொடுப்பது என்ற கேள்வியும் கூடவே எழுகிறது.

இனி கடலோரத்துக்கு வருவோம். அதே காலத்தில் மன்னார் வளைகுடாவில் கடற்பாசிக்கு நெல்லோடு எந்த உறவும் இல்லை. புயலுக்குப் பின் கரையில் ஒதுங்கும் பாசியைத் தென்னையடியில் போட்டுப் புதைப்பது கடலோரத்தில் உண்டு. அதற்கு மேல் இல்லை. பாம்பன், சின்னப்பாலம், மண்டபம் பகுதிப் பெண்கள் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில், நீர் வற்றும் நேரம் பார்த்து, தீவுகளைச் சுற்றிய பாறைத்திட்டுகளுக்குப் போய் மூச்சடக்கி முங்கிப் பாசி பறித்தார்கள். பாறையும் சிப்பியும் கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பறிப்பார்கள். மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் அகர் ஆலைகளுக்கு. கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் அல்ஜினேட் ஆலைகளுக்கு. அல்ஜினேட் துணிக்குச் சாயம் அச்சிடவும் இன்ன பிற தொழில்களுக்கும் போனது. 1986இல் 21 தீவுகளும் தேசியப் பூங்காவானபின், தலைமுறையாகப் போன இடத்துக்கே பயந்து பயந்து போக வேண்டிய நிலை அந்தப் பெண்களுக்கு வந்தது. அவர்கள் காயவைத்து எடை போட்ட கட்டக்கோரைக்குள் நெல் நோய்க்கு எதிரான ஒரு பொருள் இருக்கிறது என்பது அன்று யாருக்கும் தெரியாது.

அதைக் கண்டு சொன்னவர்கள் சென்னையில் இருந்தார்கள். கிண்டியில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில் ஆர். ரெங்கசாமியும் கே. அருண்குமாரும் பல வகைக் கடற்பாசிகளிலிருந்து சாறு எடுத்து, நெல்லின் இலைக்கருகல் பாக்டீரியா மீது சோதித்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2000இல் 'பொட்டானிகா மரினா' இதழில் வந்தது. சார்காசம் வைட்டியை, அதாவது கட்டக்கோரை இனத்தைத் தொடர்ந்து ஆராய்ந்து, அதில் கிருமியைத் தடுக்கும் பொருள் கந்தகம் கலந்த ஒரு கொழுப்பு என்று பிரித்தெடுத்துக் காட்டிய கட்டுரை 2005இல் வந்தது. நம் கடலின் பாசி, நம் வயலின் நோய், நம் பல்கலைக்கழகம். இந்த வேலைக்கு நம் வேளாண் மேடைகளில் கிடைத்திருக்க வேண்டிய இடம் கிடைக்கவில்லை என்பது என் ஆற்றாமை.

கடற்பாசிக்குள் இப்படி ஒரு பொருள் ஏன் இருக்க வேண்டும்? கடல்நீரின் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் பத்து லட்சம் அளவில் பாக்டீரியாக்கள் உண்டு. நிலத்துச் செடியைப்போல் மெழுகுத் தோலும் மரப்பட்டையும் பாசிக்குக் கிடையாது. இரவும் பகலும் அந்த நீரிலேயே கிடந்தும் அழுகாமல் இருக்கிறது என்றால், வேதிப்பொருளால்தான் அது தன்னைக் காத்துக்கொள்ள முடியும். ஆஸ்திரேலியக் கடலில் டெலீசியா புல்க்ரா என்ற செம்பாசி பாக்டீரியாவைக் கொல்வதுகூட இல்லை. அவை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் வேதிச் செய்தியைக் குழப்பிவிடுகிறது. செய்தி போய்ச் சேராததால் அவை ஒன்றுகூடித் தாக்குவதில்லை. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தார் 1990களில் இதைக் கண்டறிந்தபோது, கிருமியை எதிர்க்க அதைக் கொன்றுதான் ஆகவேண்டும் என்பதில்லை என்ற எண்ணமே வலுப்பெற்றது.

சென்னை ஆய்வு பெட்ரித் தட்டில் நடந்தது. தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, சாறு தோய்ந்த வட்டத் தாளை நடுவில் வைத்து, அதைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் எவ்வளவு அகலம் என்று அளப்பார்கள். மெத்தனால் போன்ற கரைப்பான்களால் எடுத்த அந்தச் சாற்றை ஏக்கர் கணக்கில் தெளிக்க முடியாது. தெளித்தாலும், ஸ்ட்ரெப்டோமைசினுக்கு எட்டாத நீர்க்குழாய் இதற்கு மட்டும் எட்டுமா? பாசியையும் ஒரு கொல்லும் மருந்தாக மட்டும் பார்த்தவரை கதை அந்த வளையத்தோடு நின்றுவிட்டது.

மாற்றம் வேறு திசையிலிருந்து வந்தது. பிரான்சின் பிரிட்டனி கடற்கரையில் ரோஸ்கோஃப் என்ற ஊரில் ஒரு கடல் உயிரியல் நிலையம் இருக்கிறது. பழுப்புப் பாசிகளில் சேமிப்புச் சர்க்கரையாக இருக்கும் லாமினாரின் என்ற பொருளைப் புகையிலைச் செடிக்குக் கொடுத்துப் பார்த்து அங்குள்ள விஞ்ஞானிகள் 2000இல் வெளியிட்ட முடிவு இது. லாமினாரின் பெற்ற செடியில் தற்காப்பு வேலைகள் வரிசையாகத் தொடங்கின. சாலிசிலிக் அமிலம் கூடியது. நோய் எதிர்ப்புப் புரதங்கள் உருவாயின. பிறகு மெல்லழுகல் உண்டாக்கும் எர்வினியா பாக்டீரியாவைச் செலுத்தியபோது நோய் வெகுவாகக் குறைந்தது. லாமினாரினின் அமைப்பு பூஞ்சையின் செல்சுவரில் உள்ள சர்க்கரைச் சங்கிலியை ஒத்தது. செடி அதை உணர்ந்ததும் எதிரி வந்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டு ஆயத்தமாகிறது. உண்மையான எதிரி வரும்போது செடி விழித்திருக்கிறது. மனிதருக்குப் போடும் தடுப்பூசியோடு இதை ஒப்பிடுவது அவ்வளவு பொருத்தமாகப் பட்டதாலோ என்னவோ, பிரிட்டனியின் கோயமார் நிறுவனம் லாமினாரினை வாக்சிபிளான்ட் என்ற பெயரிலேயே விற்றது. அதன் பயன்பாடுகளில் ஒன்று ஆப்பிளின் தீக்கருகல். ஸ்ட்ரெப்டோமைசின் தோற்கத் தொடங்கிய அதே நோய்!

இந்தியாவில் இதற்கு இணையான ஆய்வு மைசூரில் நடந்தது. பருத்தியின் கோண இலைப்புள்ளி நோயை உண்டாக்குவதும் ஒரு சாந்தோமோனாஸ்தான், விதையோடு வருவது. மைசூர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கட்டக்கோரைச் சாற்றில் செய்த ஒரு தயாரிப்பைப் பருத்திக்குக் கொடுத்து, செடியின் உள் எதிர்ப்பாற்றல் தூண்டப்பட்டு நோய் குறைவதை 2007இல் பதிவு செய்தார்கள். சென்னைத் தட்டில் நேரடியாகக் கிருமியைத் தடுத்த அதே இனப் பாசி, மைசூர்ப் பருத்தியில் செடி வழியாக வேலை செய்தது. வடஅட்லாண்டிக் கடலின் ஆஸ்கோஃபில்லம் பாசியை வைத்து டிரினிடாடில் தக்காளியிலும் குடைமிளகாயிலும் செய்த வயல் ஆய்வுகளும் இதே பக்கம்தான் கைகாட்டுகின்றன.

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. மருந்து மாறியதைவிட, மருந்தடிக்கும் நாள் மாறியது. அன்று கருகலைக் கண்டபின் கடைக்குப் போனோம். பாசிச்சாறு அப்படிப் பயன்படாது. கருகல் இறங்கிய இலைமேல் அதைத் தெளிப்பது காசை வயலில் கொட்டுவது. நோய் வருமுன், செடி நலமாக இருக்கும்போது கொடுக்க வேண்டும். சம்பாவில் காற்றுமழை தொடங்குவதற்கு முன் ஒருமுறை, தூண்டல் தணிந்துவிடும் என்பதால் இடைவெளி விட்டு மறுபடி. எதிர்ப்பைத் தயாராக வைத்திருக்க செடி தன் சத்தைச் செலவிடுகிறது என்பதால் அளவுக்கு மிஞ்சியும் கூடாது. ஒன்றும் நடக்காத வயலில் ஒரு தெளிப்புக்குக் கூலியும் காசும் கொடுப்பது எளிதான முடிவல்ல. நோய் வராமல் போனால் சாறு காத்ததா, மழை விட்டுக்கொடுத்ததா என்று அந்த வயலைப் பார்த்து மட்டும் சொல்லவும் முடியாது. பாசிச்சாறு வேர்பிடிக்கச் சுணங்குவதற்கு விவசாயியின் அறியாமையைக் காரணம் காட்டுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

பாசி கிடைக்கும் வழியும் மாறிவிட்டது. காப்பாஃபைகஸ் என்ற செம்பாசியை மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1984இல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் வளர்த்துப் பழக்கி, 1995இல் மண்டபத்துக்குக் கொண்டுவந்தது. 2000ஐ ஒட்டி பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் வளர்க்கவைத்தது. பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி மூங்கில் மிதவை. 60 கிலோ விதைப்பாசியைக் கயிற்றில் கட்டிவிட்டால் 45 நாளில் சராசரி 260 கிலோ. முங்கிப் பறித்த பெண்கள் பலர் மிதவை கட்டுபவர்களானார்கள். அந்த நிலையத்தார் காப்புரிமை பெற்ற முறை வேறொரு கதவைத் திறந்தது. ஈரப் பாசியைப் பிழிந்து சாற்றைப் பயிருக்கு எடுத்துக்கொண்டு, மிஞ்சிய சக்கையிலிருந்து காராஜீனன் என்ற கூழ்மப்பொருளை எடுப்பது. முன்பு வெயிலில் காய்ந்து ஆவியாகிப் போன நீர் இப்போது விற்பனைப் பொருள். இஃப்கோவின் சாகரிகா என்ற பாசிச்சாற்றுப் புட்டி கூட்டுறவுக் கடைகள்வரை வந்துவிட்டது. 2021 மத்திய நிதிநிலை அறிக்கை தமிழ்நாட்டுக்கு ஒரு கடற்பாசிப் பூங்காவை அறிவித்தது. ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூர் அதற்கான இடம். நல்லதுதான். ஆனால் அயல் கடலின் இந்தப் பாசி குருசடைத் தீவின் பவளத்தின்மேல் படர்ந்து மூடியதை மதுரை ஆய்வாளர்கள் 2008இல் பதிவு செய்திருக்கிறார்கள். மிதவைகளைப் பெருக்கும்போது அதை மறந்துவிடக் கூடாது.

இந்தப் பாசிக்கும் பாக்டீரியா நோய் உண்டு. நீர் சூடேறி, உப்பு மாறி, பாசி தளரும்போது தண்டு வெளிறி உடைந்து விழும். ஐஸ்-ஐஸ் என்று பிலிப்பைன்ஸில் தொடங்கி உலகெங்கும் பெயர். பிலிப்பைன்ஸில் விதைப்பாசியை ஆஸ்கோஃபில்லம் பாசியின் சாற்றுப்பொடி கரைத்த நீரில் நனைத்துக் கட்டிப் பார்த்தார்கள். ஐஸ்-ஐஸும் ஒட்டுப்பாசித் தொல்லையும் குறைந்தன. ஒரு பாசியின் சாறு இன்னொரு பாசியைக் காக்கிறது.

கடையில் நிற்கும் விவசாயிக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. "கடற்பாசி" என்று அட்டையில் எழுதியதெல்லாம் ஒன்றல்ல. காப்பாஃபைகஸ் சாற்றில் சைட்டோகைனின் போன்ற வளர்ச்சி ஊக்கிகளும் பொட்டாசியமும் மிகுதி. பயிர் தழைக்கவும் மணி பிடிக்கவும் அது உதவும். செடியின் காவலை எழுப்புவதாக ஆய்வுகள் பேசும் லாமினாரின், ஃபூக்கோய்டன் போன்றவை பழுப்புப் பாசிகளில் இருப்பவை. பிழிந்து எடுத்ததா, காரத்தில் வேகவைத்து எடுத்ததா என்பதைப் பொறுத்தும், எந்தப் பருவத்தில் அறுத்த பாசி என்பதைப் பொறுத்தும் சரக்கு மாறும். உரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 பிப்ரவரியில் திருத்தப்பட்டு, கடற்பாசிச் சாறுகள் உயிர் ஊக்கிகள் என்ற வகையில் சட்டத்துக்குள் வந்தன. அந்த வகையில் பதிவான புட்டி நோயைக் கட்டுப்படுத்தும் என்று உரிமை கொண்டாட முடியாது. நோய்க்கு மருந்து என்று விற்க 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் தனிப் பதிவு வேண்டும். ஆகவே "கருகலுக்குக் கேரண்டி" என்று ஒரு புட்டியைக் காட்டி யாராவது சொன்னால், அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

இலைக்கருகலுக்கு முதல் அரண் இன்றும் விதைதான். ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனமும் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் சேர்ந்து, மூன்று எதிர்ப்பு மரபணுக்களைப் புகுத்தி 2008இல் தந்த மேம்படுத்திய சம்பா மசூரி அதற்குச் சான்று. யூரியாவைப் பிரித்து இடுவதும், நோய்கண்ட வயலின் நீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்சாமல் இருப்பதும், இருபது சதப் பசுஞ்சாணக் கரைசல் தெளிப்பதும் காசு அதிகம் கேட்காத வழிகள். பாசிச்சாறு இவற்றோடு சேர்ந்து நிற்க வேண்டிய துணை. அந்தத் துணையின் பலம் எவ்வளவு என்பதைக் காவிரிப் படுகையின் மண்ணில், சம்பாவின் மழையில், ஆடுதுறை போன்ற நிலையங்கள் விவசாயிகளின் சொந்த வயல்களிலேயே பல பருவம் பார்த்து, எந்தப் பாசி, எத்தனையாவது நாள், எவ்வளவு என்று எண்ணிக்கையோடு சொல்ல வேண்டும். அதுவரை தெளிக்க விரும்புகிறவர்கள், ஒரே வயலில் ஒரே ரகத்தில் நாலு முழ அகலத்துக்கு ஒரு பட்டை முழு நீளமும் சாறு படாமல் விட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் கழி நட்டு அடையாளம் வையுங்கள். மழை ஓய்ந்தபின் உள்ளே இறங்கி, பட்டையிலும் வெளியிலும் நூறு நூறு இலையை எண்ணிப் பார்த்து, கருகியது எத்தனை என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு புட்டி வாங்குவதா வேண்டாமா என்பதற்கு அந்தக் கணக்கைக் காட்டி வேளாண் அலுவலரிடம் பேசலாம்.